99-இல் 99 பேர்: மாட்மோஸின் மூன்று மணி நேர ஆல்பத்தை முழுசாகக் கேட்டவர்கள் உண்டா?

#1 தேய்ந்தகேசட்

இரவுக்கு ஒரு டிஸ்க் என்று மூன்று இரவில் 'த கன்ஸ்யூமிங் ஃப்ளேம்' கேட்டு முடித்தேன். 2020 ஆகஸ்டில் வந்த ஆல்பம். மூன்று மணி நேரம் என்பதாலேயே இவ்வளவு நாள் தள்ளிப்போட்டு வந்தேன். கேட்டு முடித்ததும் யாரிடமாவது பேசாவிட்டால் தூக்கம் வராது போலிருந்தது. வீட்டில் இதைப் பற்றிப் பேச ஆளில்லை.

தெரியாதவர்களுக்காக: மாட்மோஸ் ஒரு அமெரிக்க மின்னிசைக் குழு, இரண்டே பேர். எம். சி. ஷ்மிட், ட்ரூ டேனியல். மேடையில் மட்டுமல்ல, வாழ்க்கையிலும் இணையர். சான் ஃபிரான்சிஸ்கோவில் ஆரம்பித்துப் பிறகு பால்டிமோருக்குக் குடிபெயர்ந்தவர்கள். டேனியல் அங்கே ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் நடத்துகிறார். முதல் ஆல்பம் 1997-இல். 2001-இல் அறுவை சிகிச்சை அறையின் ஒலிகளை வைத்து ஒரு ஆல்பம் செய்தார்கள். கொழுப்பு உறிஞ்சுவது, மூக்கைத் திருத்துவது, கண்ணுக்கு லேசர் என்று எல்லாம் அதில் தாளமாகிவிட்டது. அதே வருடம் ஐஸ்லாந்துப் பாடகி பியோர்க்கின் 'வெஸ்பர்டைன்' ஆல்பத்திலும் வேலை செய்தார்கள்.

இந்த ஆல்பத்துக்கு 99 பேரிடம் ஒலி கேட்டு வாங்கியிருக்கிறார்கள். யோ லா டெங்கோ, ஒன்ஓட்ரிக்ஸ் பாயின்ட் நெவர், மௌஸ் ஆன் மார்ஸ், மேத்யூ ஹெர்பர்ட், கிளிப்பிங் என்று தெரிந்த பெயர்களும் உண்டு, கேள்விப்படாத பெயர்களும் உண்டு. போட்ட நிபந்தனை ஒன்றுதான்: எதை வேண்டுமானாலும் வாசியுங்கள், வேகம் மட்டும் நிமிடத்துக்கு 99 அடி. வந்ததையெல்லாம் வெட்டி ஒட்டி, ஒரு மணி நேரத்துக்கு ஒன்றாக மூன்று பாகம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது தொகுப்பு இல்லை, ஆல்பம்தான். அவர்கள் செய்ததிலேயே கட்டுக்கோப்பானதும் இதுதான். அடிக்க வருகிறவர்கள் வரலாம்.

#2 பூனைக்குட்டி77

வந்துட்டேன்.

அண்ணே, முதல் டிஸ்க் முழுசா கேட்டேன், ரெண்டாவதுல பாதி. அதுக்கு மேல முடியல. கிடார் வருது, அஞ்சு நிமிஷத்துல டெக்னோ ஆகுது, அப்புறம் யாரோ பேசறாங்க, அப்புறம் கரகரன்னு இரைச்சல், அப்புறம் ஏதோ ஒண்ணு உருளுது. கல்யாண வீட்டுப் பந்தில எல்லாத்தையும் ஒரே இலைல கொட்டின மாதிரி இருக்கு. பாயசத்துக்குள்ள ஊறுகாய்.

99 எல்லாம் ஒரு சாக்கு. காதுல விழாத விதி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? வயசாச்சு, நண்பர்கள் நிறைய, எல்லார்கிட்டயும் ஆளுக்குக் கொஞ்சம் வாங்கிட்டாங்க. சரக்கு தீர்ந்துபோனவன்தான் விருந்தாளிகளைக் கூப்பிடுவான்.

#3 தேய்ந்தகேசட்

சரக்கு தீர்ந்தவர்களா? இதற்கு நான்கு வருடம் முன்புதான், 2016-இல், தங்கள் வீட்டு நிலவறையில் கிடந்த ஒரே ஒரு வாஷிங் மெஷினை வைத்து முழு ஆல்பம் செய்தார்கள். வேர்ல்பூல் 'அல்டிமேட் கேர் 2'. ஆல்பத்தின் பெயரும் அதுவேதான். 38 நிமிடம், இடைவெளி இல்லாமல் ஒரே உருப்படி. குமிழைத் திருகும் கடகடப்பில் தொடங்கி, தண்ணீர் நிரம்பி, துவைத்து, பிழிந்து, முடிந்தது என்று மெஷின் கூவும்வரை. மெஷினை மேடையில் ஏற்றிக் கச்சேரியும் செய்தார்கள்.

2019-இல் 'பிளாஸ்டிக் ஆனிவர்சரி'. இருவரும் சேர்ந்து 25 வருடம் ஆனதற்கான ஆல்பம். ஒலி முழுக்கப் பிளாஸ்டிக். கலவரத் தடுப்புக் கேடயம், மார்பகத்தில் வைக்கும் சிலிக்கான் பை, பிவிசி குழாய், பில்லியர்ட்ஸ் பந்து. கடைசி உருப்படியைக் கேட்டால் ஏதோ காட்டுக்குள் போன மாதிரி இருக்கும், தண்ணீர், பறவை, பூச்சி எல்லாம் கேட்கும். அத்தனையும் பிளாஸ்டிக்.

அடுத்த வருடமே இது. வற்றிப்போன ஆட்கள் இப்படியா செய்வார்கள்?

#4 பூனைக்குட்டி77

நீங்க சொல்றதுதான் என் வாதமே! வாஷிங் மெஷின்னா எனக்குக் கேட்குது. கேடயம்னா கேட்குது. ஒரு பொருள், அதோட குணம், அதைத் தாண்டி அவங்க எவ்வளவு தூரம் போறாங்கன்னு பார்க்கலாம். அதுதான் மாட்மோஸ். இதுல பொருள் எங்கே?

#5 தேய்ந்தகேசட்

பொருள் மனிதர்கள்.

#6 பூனைக்குட்டி77

வசனம் நல்லா இருக்கு அண்ணே.

#7 மிக்ஸிங்மாணிக்கம்

ராத்திரி ஷிஃப்ட் முடிஞ்சு வந்தேன். வேலைப் பக்கமா ரெண்டு வார்த்தை சொல்றேன்.

நான் ஸ்டுடியோல உதவி இன்ஜினியரா எட்டு வருஷம் இருந்தவன். வெளியிலருந்து ஃபைல் வாங்கி ஒண்ணு சேர்க்கிறதுதான் பாதி வேலை. வயலின் ஒரு ஊர்லருந்து வரும், கோரஸ் இன்னொரு ஊர்லருந்து வரும். எல்லாருக்கும் ஒரே க்ளிக்தான், அதாவது ஹெட்ஃபோன்ல ஓடற தாள டிக் டிக்தான், கொடுத்திருப்போம், ஆனா எதுவும் ஒண்ணுமேல ஒண்ணு உட்காராது.

ஒருத்தர் எம்பி3-யா அனுப்புவாரு. எம்பி3 ஆக்கும்போதே ஃபைலோட தலைல கொஞ்சம் வெற்றிடம் சேர்ந்துடும். சில பத்து மில்லி செகண்டுதான், ஆனா ட்ரம்முக்குப் பக்கத்துல வெச்சா தெரியும், நொண்டும். இன்னொருத்தர் க்ளிக்கை ஹெட்ஃபோன்ல சத்தமா வெச்சிருப்பாரு, அமைதியான இடத்துல டிக் டிக்னு மைக்ல ஏறியிருக்கும். இதுல பெரிய கூத்து சாம்பிள் ரேட்தான், அதாவது ஒரு செகண்டுக்கு ஒலியை எத்தனை ஆயிரம் தடவை அளந்து பதியறோம்ங்கிற கணக்கு. 44.1-ல பதிவு பண்ணதை, மாத்தாம அப்படியே 48-ல ஓடற ப்ராஜெக்ட்ல போட்டா வேகமும் ஏறும், சுருதியும் ஏறும். 99 அடி கிட்டத்தட்ட 107.8 ஆயிடும். ஒரு தடவை இப்படித்தான் ஒரு பாடகியோட குரல் குழந்தைக் குரலாகி, அதுவும் நல்லா இருக்கேன்னு இயக்குநர் ஓகே பண்ணி, பாடினவங்க படம் பார்க்கும்போதுதான் கண்டுபிடிச்சாங்க. எந்த ஸ்டுடியோன்னு கேட்காதீங்க, பிழைப்பு ஓடணும்.

அதனால 99 பேர்கிட்டருந்து வாங்கி மூணு மணி நேரம் ஒரே வேகத்துல நிறுத்தினாங்கன்னு படிச்சதும் எனக்கு முதுகு வலிச்சது. 180 நிமிஷம்னு வெச்சுக்கிட்டா 17,820 அடி. நண்பர்கள்கிட்ட ஓசில வாங்கின மாதிரி இல்ல பூனைக்குட்டி, இது கல் உடைக்கிற வேலை.

#8 பூனைக்குட்டி77

உழைப்பு இல்லைன்னு நான் சொல்லவே இல்லையே. கஷ்டப்பட்டு சமைச்சாலும் சாம்பார் நல்லா இல்லாம இருக்கலாம்.

#9 சுருதிப்பெட்டி

பன்னிரண்டு வருடம் மிருதங்கம் கற்றவன், அரங்கேறாதவன். அந்தத் தகுதியில் ஒரு சொல்.

"காதில் விழாத விதி" என்கிறீர்கள். காலப்பிரமாணம், அதாவது தாளத்தின் வேகம், காதில் விழாது, உடம்பில்தான் விழும். 99 என்றால் ஓர் அடிக்கு 0.606 விநாடி. எட்டு எண்ணினால் ஐந்து விநாடிக்குச் சற்றுக் குறைவு. நடக்கிற வேகத்துக்கும் நாட்டிய வேகத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட எண். ஹவுஸ், டெக்னோ எல்லாம் 120-க்கு மேலே ஓடும். 99-இல் ஆட நினைத்தால் கொஞ்சம் சோம்பல், உட்கார்ந்திருக்க நினைத்தால் கொஞ்சம் அரிப்பு.

ஒரே எண்ணைப் பிடித்துக்கொண்டு எத்தனை விதமாக நிற்கலாம் என்று பாருங்கள். பாதியாக்கினால் 49.5, இரட்டித்தால் 198, இரண்டுக்கு மூன்று வைத்தால் 148.5. எல்லாம் 99-தான். நடை மாறுகிறது, காலம் மாறவில்லை. கிடார்காரர் பாதியில் நிற்கிறார், மின்தாளக்காரர் இரட்டிப்பில் ஓடுகிறார், இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை, ஆனால் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் அடியில், வந்து சேர்கிறார்கள். உங்களுக்குப் பாயசத்துக்குள் ஊறுகாயாகத் தெரிந்த இடங்களில் ஒருமுறை தொடையில் தட்டிக்கொண்டே கேளுங்கள். பாட்டு மாறும்போது கை மாறவேண்டிய அவசியம் வராது.

எனக்குக் குறை வேறு. மூன்று மணி நேரத்தில் ஒருமுறைகூட காலத்தை விட்டு விலகி நிற்கும் ஆலாபனை கிடையாதா என்று ஏங்கினேன். தாளமே இல்லாத நீண்ட இரைச்சல் பகுதிகளில் 99 எங்கே ஒளிந்திருக்கிறது என்று நான் தேடினேன். அது எனக்குக் கிடைக்கவில்லை. அங்கே பூனைக்குட்டி சொல்வதில் நியாயம் இருக்கிறது.

#10 ஆந்தைநகர்

புதுசா வந்திருக்கேன், தப்பா கேட்டா மன்னிக்கணும். இவங்களை இதுவரை ஒரு பாட்டுகூடக் கேட்டதில்ல. மூணு மணி நேர ஆல்பத்துல ஆரம்பிக்கலாமா?

#11 தேய்ந்தகேசட்

வேண்டாம். வாஷிங் மெஷினில் ஆரம்பியுங்கள்.

#12 பூனைக்குட்டி77

இதுல மட்டும் அண்ணன் கட்சிதான் நான். அதுக்கப்புறம் 2006 ஆல்பம், 'த ரோஸ் ஹேஸ் டீத் இன் த மவுத் ஆஃப் எ பீஸ்ட்'. ஒவ்வொரு பாட்டும் ஒரு ஆளுக்கு: தத்துவவாதி விட்கென்ஸ்டைன், எழுத்தாளர் பரோஸ், இசைத் தயாரிப்பாளர் ஜோ மீக் இப்படி. பரோஸுக்கு டைப்ரைட்டர் தட்டுற சத்தம். எழுத்தாளர் பட்ரீஷியா ஹைஸ்மித் நத்தை வளர்த்தவங்க, அதனால அவங்க பாட்டுல நத்தையை வாசிக்க விட்டுட்டாங்க. லேசர் ஒளி ஒண்ணு போகுது, அது விழற இடத்துல ஒளியை உணர்ற தெரமின் (தொடாமலே ஒலிக்கிற மின்கருவி), நத்தை குறுக்கே ஊர்ந்தா சுருதி மாறும். நத்தை அவசரமே படாது. அந்தப் பொறுமை பாட்டுல அப்படியே கேட்கும். ஒரே ஒரு நத்தை செஞ்சதை 99 பேர் செய்யலையேங்கிறதுதான் என் வருத்தம்.

#13 மட்டுறுத்துநர்

தரவிறக்க இணைப்பு போட்ட ஒரு பதிவு நீக்கப்பட்டது. ஆல்பத்தை வாங்கிக் கேளுங்கள். விவாதம் தொடரட்டும்.

#14 ஆந்தைநகர்

கேட்டேன்! ஞாயித்துக்கிழமை மதியம், ஸ்பீக்கர்ல. பத்தாவது நிமிஷம் அம்மா அடுக்களைலருந்து கூப்பிட்டாங்க, "மெஷின் போட்டியா? நான் இன்னும் துணியே எடுத்துப் போடலையேடா?" இது பாட்டும்மான்னேன். வந்து கொஞ்ச நேரம் நின்னு கேட்டாங்க. "இது மேல திறக்கிற மெஷின். நம்மளது முன்னாடி திறக்கிறது, இப்படி சத்தம் வராது"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க.

சரியா சொன்னாங்களான்னு தேடிப் பார்த்தேன். ஆமா, மேல திறக்கிறதுதான்.

#15 தேய்ந்தகேசட்

இந்த இழையின் சிறந்த விமர்சகர் உங்கள் அம்மா.

#16 சுருதிப்பெட்டி

அம்மாவை இழைக்கு அழைத்து வரவும்.

#17 தேய்ந்தகேசட்

சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வருகிறேன். பூனைக்குட்டியின் நத்தை எனக்குள் இரண்டு நாளாக ஊர்ந்துகொண்டிருக்கிறது.

மாட்மோஸின் பழைய முறை என்ன? ஒரு பொருளை எடுப்பார்கள். அதற்குத் தான் இசையாகப் போகிறோம் என்று தெரியாது. நத்தைக்குத் தெரியாது, மெஷினுக்குத் தெரியாது. அந்தத் தெரியாமையில்தான் அழகு. 2013-இல் 'த மேரேஜ் ஆஃப் ட்ரூ மைண்ட்ஸ்' ஆல்பத்தில் இதை மனிதர்களிடமே செய்து பார்த்தார்கள். ஒருவரைப் படுக்கவைத்து, கண்மேல் பாதியாக வெட்டிய பிங்பாங் பந்து, காதில் சீரான இரைச்சல். பக்கத்து அறையிலிருந்து டேனியல் 'புது ஆல்பத்தின் கருத்து' என்பதை மனதாலேயே அனுப்ப முயல்வார். படுத்திருப்பவர் தன் மனதில் தெரிந்ததை வாய்விட்டுச் சொல்வார். பெரிய பச்சை முக்கோணம் என்றோ ஏதோ ஒரு மெட்டு என்றோ அவர் சொன்னதே இசைக்குறிப்பு ஆகிவிடும். அங்கேயும் கொடுத்தவருக்குத் தான் என்ன கொடுத்தோம் என்று தெரியாது.

'கன்ஸ்யூமிங் ஃப்ளேம்' அப்படியில்லை. 99 பேரும் தெரிந்தே, தங்கள் பாணியோடு, தங்கள் கர்வத்தோடு அனுப்பியிருக்கிறார்கள். அதைப் பொருளாக ஏற்பது நத்தையை ஏற்பதைவிடக் கடினம். நத்தையை வெட்டி ஒட்டினால் நத்தை கோபித்துக்கொள்ளாது. நண்பரின் பதினைந்து நிமிட வாசிப்பிலிருந்து நான்கு விநாடி மட்டும் எடுத்து, அதையும் இன்னொருவரின் இரைச்சலுக்கு அடியில் புதைக்க ஒரு துணிச்சல் வேண்டும். புகழ்பெற்ற குழுவின் கிடாரும் பெயர் தெரியாதவரின் பாத்திரச் சத்தமும் ஒரே எடையில் கேட்பது இந்த ஆல்பத்தில்தான். யார் எங்கே என்று ஊகிக்கும் விளையாட்டில் நான் முழுசாகத் தோற்றேன்.

அதோடு ஒன்றை விட்டுக்கொடுக்கிறேன். மூன்றாவது டிஸ்கின் நடுப்பகுதி தளர்ந்துதான் இருக்கிறது. அங்கே நான் எழுந்துபோய் டீ போட்டேன்.

#18 பூனைக்குட்டி77

டீ போட்டேன்னு ஒத்துக்கிட்டதே பெரிய விஷயம்.

சுருதிப்பெட்டி சார் சொன்ன மாதிரி தொடையில தட்டிக் கேட்டேன். பஸ்ல. பக்கத்து சீட்காரர் ரெண்டு தடவை முறைச்சாரு. சரி, பாட்டு மாறினப்ப கை மாறல, ஒத்துக்கறேன். ரெண்டாவது டிஸ்கையும் முடிச்சேன். ஆனா இன்னும் சொல்றேன், எண்ணை வெச்சு ஒண்ணு சேர்க்கிறது ரொம்ப லேசு. 99-க்குப் பதிலா 87 வெச்சிருந்தா இதே ஆல்பம்தான் வந்திருக்கும். வாஷிங் மெஷினுக்குப் பதிலா மிக்ஸி வெச்சிருந்தா அதே ஆல்பம் வந்திருக்காது. வித்தியாசம் அவ்வளவுதான்.

#19 சுருதிப்பெட்டி

இது நல்ல அடி. இதற்குப் பதில் என்னிடம் இல்லை.

#20 மிக்ஸிங்மாணிக்கம்

எங்கிட்டயும் பதில் இல்ல, செஞ்சு பார்த்துடலாமா? ஆளுக்கு ஒரு நிமிஷம். 99 அடி. எதை வேணா தட்டுங்க, பேசுங்க, பாடுங்க. ஒருத்தருதை ஒருத்தர் கேட்கக்கூடாது. எனக்கு அனுப்புங்க, நான் ஒண்ணு சேர்க்கறேன். வாட்ஸ்அப்ல குரல் பதிவா அனுப்பாதீங்க, டாக்குமென்டா வேவ் ஃபைல் அனுப்புங்க. ஃபோன்ல மெட்ரோனோம் ஆப் போட்டு காதுல ஹெட்ஃபோன் மாட்டிக்கங்க. க்ளிக் மைக்ல ஏறினா திட்டுவேன்.

#21 தேய்ந்தகேசட்

பழைய கேசட் டெக்கின் விசைகள். பிளே, ஸ்டாப், எஜெக்ட். அனுப்பியாயிற்று.

#22 சுருதிப்பெட்டி

மிருதங்கத்தின் இடந்தலை மட்டும், அதுவும் ரவை போடாமல். அனுப்பினேன்.

#23 ஆந்தைநகர்

அம்மா அரிவாள்மனைல வெண்டைக்காய் நறுக்கறது. அவங்க காதுல ஹெட்ஃபோன் மாட்டி 99-க்கு நறுக்கச் சொன்னேன். முதல் பத்து காய் வரைக்கும் ஒத்து வந்தது. அப்புறம் "எனக்கு என் வேகம்தான் வரும்"னு ஹெட்ஃபோனைக் கழட்டிட்டாங்க. ஒரு நிமிஷம் முழுசா இல்ல, 22 செகண்ட்தான் தேறுச்சு. பரவாயில்லையா?

#24 பூனைக்குட்டி77

எனக்கு இதுல நம்பிக்கை இல்லைன்னு பதிவு பண்ணிக்கறேன். டபரா டம்ளர், எவர்சில்வர். அனுப்பிட்டேன்.

#25 மிக்ஸிங்மாணிக்கம்

நாலும் வந்தது. நேத்து ராத்திரி உட்கார்ந்தேன். கேசட் விசை, இடந்தலை, வெண்டைக்காய் மூணும் ரெண்டு தட்டுத் தட்டினதுமே உட்கார்ந்துடுச்சு. வெண்டைக்காய்தான் அழகு. அம்மா ஒவ்வொரு அடிலயும் துளி முன்னாடி விழறாங்க, ஒரு அவசரம் கிடைக்குது.

டபராதான் பிரச்சினை. பதினொண்ணு எண்ணினா ஒரு அடி முன்னாடி போயிடுது, அப்புறம் எங்கேயோ ஓடுது. பூனைக்குட்டி வேணும்னே கெடுக்கறாருன்னு நினைச்சு திட்டி ஒரு மெசேஜே டைப் பண்ணிட்டேன்.

#26 சுருதிப்பெட்டி

எனக்கும் அந்த ஒலியை அனுப்பியிருந்தீர்களே, கேட்டேன். வேகம் மட்டுமல்ல, டபராவின் நாதமே மேலே ஏறியிருக்கிறது. ஒன்றரை ஸ்வரஸ்தானம் இருக்கும். அவ்வளவு கீச்சென்று ஒலிக்கும் டபரா வீட்டில் இருக்காது.

#27 மிக்ஸிங்மாணிக்கம்

அதேதான் சார். பூனைக்குட்டி 44.1-ல அனுப்பியிருக்காரு, என் ப்ராஜெக்ட் 48. நான் மாத்தாம அப்படியே இழுத்துப் போட்டுட்டேன். 107.8! #7-ல ஊருக்கெல்லாம் பாடம் எடுத்துட்டு நானே செஞ்சிருக்கேன். எட்டு வருஷ சர்வீஸ்.

ஆனா ஒண்ணு. அந்த ஓடிப்போற டபரா, மேல வெண்டைக்காய், கேட்க நல்லாத்தான் இருக்கு. அப்படியே விட்டுடட்டுமா?

#28 ஆந்தைநகர்

விட்டுடுங்க, சூப்பரா இருக்கு!

#29 தேய்ந்தகேசட்

நானும் விட்டுவிடலாம் என்றே சொல்வேன்.

#30 பூனைக்குட்டி77

அதெல்லாம் முடியாது. நான் ஒரு நிமிஷம் முழுக்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு 99-க்குத் தட்டியிருக்கேன், ரெண்டு டேக் வீணாகி மூணாவதுலதான் வந்தது. 99-க்கு இறக்குங்க.